அந்தப் பித்தளையைத் தேய்க்காதீர்கள்: இங்கிலாந்தின் பழைய ஆலயங்களில் பொறுப்பேற்றிருக்கும் தமிழ்ச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சபையாருக்கு,

இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய ஊர்க்கோயில்களில் நிர்வாகக் குழு உறுப்பினராகவோ, கோயிலைக் கவனிக்கச் சபையார் தேர்ந்தெடுக்கும் சர்ச்வார்டனாகவோ பொறுப்பேற்றிருக்கும் தமிழர்களுக்கு இதை எழுதுகிறோம். எழுநூறு எண்ணூறு வருஷமாக நிற்கும் கட்டடம் ஒன்றின் சாவி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சாவி வந்த மறுவாரமே ஓர் ஆசையும் வரும். ஏதாவது செய்ய வேண்டும், கோயிலைப் பளிச்சென்று ஆக்க வேண்டும், குடும்பத்தின் பேரில் ஓர் உபயம் இருக்க வேண்டும் என்று தோன்றும். ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம், ஆசை புரிகிறது. ஆனால் புதுக் கம்பளம், புது பெயின்ட், சிமென்ட் பூச்சு, பித்தளைக்குப் பாலிஷ் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் பெரும்பாலானவை அந்தக் கட்டடத்துக்குக் கேடு. அந்தப் பணம் முதலில் கூரையோர மழைநீர்க் கால்வாய்க்குப் போகட்டும்.

காரணம் எளிது. இந்தச் சுவர்களை ஒரே கல்லாக நினைக்காதீர்கள். உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பிய சுவர் அது. கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பக்கம் போனால் நல்ல கட்டுக்கல் கிடைக்காததால் சக்கிமுக்கிக் கல்லையே அடுக்கி எழுப்பியிருப்பார்கள். இப்படிப்பட்ட சுவரில் ஈரம் ஏறுவது இயல்பு. சாந்து வழியாக அது மெல்ல வெளியேறிக் காய்வதும் இயல்பு. ஏறுவதைவிடக் காய்வது குறையும்போதுதான் வியாதி தொடங்குகிறது. உச்சியில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டால், கூரையின் கால்பகுதியில் விழும் மழை முழுவதும் சுவரின் ஒரே இடத்தில் இறங்கும். அந்த இடத்தில்தான் கூரை உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். வெளியே ஒரு பச்சைக் கறை தெரியும்போது உள்ளே ஓக் மரம் ஊறத் தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறையாவது கால்வாய்களைச் சுத்தம் செய்யுங்கள்: இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த நவம்பர் கடைசியில் ஒரு தரம், குளிர் முடிந்து பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன் ஒரு தரம். கூரையோரக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஈயக் கால்வாய்தான் முக்கியம், கீழிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. குழாயின் தலையில் இருக்கும் பெட்டிக்குள் ஜாக்டா காக்கை சுள்ளி சேர்த்திருக்கும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் டென்னிஸ் பந்தும் இருக்கும். வார்ப்பிரும்புக் குழாயின் முன்பக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். குழாய்க்கும் சுவருக்கும் இடையே கையை நுழைத்துப் பின்பக்கத்தைத் தடவுங்கள், அல்லது சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் தூரிகை எட்டாத அந்தப் பக்கம்தான் முதலில் துருப்பிடித்து வெடிக்கும். முன்னால் பளபளப்பாக இருக்கிற குழாய் பின்னால் நீளவாக்கில் பிளந்து, மழை பெய்யும்போதெல்லாம் சுவருக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும். தரைக்கு வந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நூற்றாண்டுகளாக அடக்கம் செய்ததில் கல்லறைத் தோட்டத்தின் மண் உயர்ந்து, பல கோயில்களில் வெளித்தரை உள்தரையைவிட மேலே நிற்கிறது. அதற்காக நீங்களே ஆளை வைத்துச் சுவரோரம் பள்ளம் தோண்டிவிட வேண்டாம். அங்கே மண்வெட்டி வைத்தால் எலும்பு வரும். அனுமதியும் தொல்லியலாளரும் இல்லாமல் தொடக்கூடாத வேலை அது.

கூரையில் ஈயம் இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் விரிகிற ஈயம் குளிரில் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அதனால்தான் சிறுசிறு தகடுகளாக வெட்டி, மர உருளைமேல் ஒன்றோடொன்று மடித்துப் போடுகிறார்கள். பெரிய தகடாகப் போட்டால் சில பத்தாண்டுகளில் நடுவில் விரிசல் விடும். தகட்டின் கனத்தைக் 'கோட்' என்ற எண்ணில் சொல்வார்கள்: கோட் 7 என்றால் ஒரு சதுர அடிக்கு 7 பவுண்டு எடை, 3.15 மில்லிமீட்டர் கனம். விரிசலுக்குத் தார் பூசுவதும் ஒட்டுப்பட்டை ஒட்டுவதும் ஆகாத வேலை. அடியில் நீர் தங்குவது ஒருபுறம். தார் பட்ட ஈயத்தைப் பிறகு முறையாகப் பற்றவைக்கவும் முடியாமல் போகும். ஈயத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டால், அதே இடத்தில் மறுபடி ஈயம் போடாமல் டெர்ன் எனும் மங்கலான உலோகப் பூச்சிட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட அனுமதி கேட்கும் சபைகள் உண்டு. பார்க்க ஈயத்தின் சாயல் இருக்கும், திருடனுக்கு அதில் லாபம் கிடையாது.

இனி சிமென்ட். சென்ற நூற்றாண்டில் இந்தக் கோயில்களுக்கு நடந்த பெரிய கொடுமை இதுதான். சாந்து உதிர்ந்த இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பூசினார்கள். சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. இடுக்கு வழியாகப் போக வேண்டிய ஈரம் கல் வழியாகப் போகிறது. கல்லின் தோலுக்கு அடியில் உப்பு பூக்கிறது. உறைபனி வந்ததும் தோல் உரிந்து விழுகிறது. வெயில் சாய்வாக விழும் மாலை நேரத்தில் தெற்குச் சுவரைப் பாருங்கள். சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்க, ஒவ்வொரு கல்லும் உள்வாங்கிக் கிண்ணம்போல் குழிந்திருந்தால், கேடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

மாற்று மருந்து நம் கொத்தனார் தாத்தாக்களுக்குத் தெரிந்ததுதான்: சுண்ணாம்பு. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு விழுது 1 பங்கு, கூர்மணல் 3 பங்கு. வேகமாக இறுக வேண்டிய இடத்தில் நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பைப் பயன்படுத்துவார்கள். அதிலும் வலு கூடிய ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் சிமென்டில் செய்த தவறே திரும்ப வரும். நம் ஊர்க் காரையில் சேரும் கடுக்காயும் வெல்லமும் இங்கே இல்லை. உள்பூச்சுக்கு ஆட்டுமுடியோ மாட்டுமுடியோ சேர்ப்பார்கள். பழைய சாந்தைக் கையுளியால் மட்டும் எடுக்க வேண்டும். சுழலும் வெட்டுமெஷின் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும். இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழமாவது எடுத்து, தண்ணீர் தெளித்து, சாந்தை அழுத்தித் திணித்து, ஈரச்சாக்கால் மூடி, சில நாள் காயாமல் காக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் தொடவே கூடாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் இந்த வேலைக்குக் காலம். "கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன்" என்று நவம்பரில் வரும் ஒப்பந்தக்காரரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: எல்லா இடுக்கையும் பூச வேண்டியதில்லை. பழைய சாந்து நன்றாக இருக்கும் இடத்தில் அதைச் சும்மா விடுவதே பெரிய வேலை.

உள்சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதும் இதே கதைதான். ஈரம் அடியில் தங்கிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சுண்ணாம்பு அடியுங்கள், போதும். அதற்கு முன்னும் ஒரு நிதானம் வேண்டும், பழைய வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. 1547-க்குப் பின் சீர்திருத்தக் காலத்தில் சுவர்ச் சித்திரங்களை வெள்ளையடித்து மறைத்தார்கள். சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊரில் 1892-இல் கோயிலைப் புதுப்பித்தபோது, சான்சல் எனும் பலிபீடப் பகுதிக்கு முன்னுள்ள வளைவின் மேற்பகுதியில் இருந்த வெள்ளையடித்த பலகைகளை வேண்டாத மரமென்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். மழை பெய்தது, சுண்ணாம்பு கரைந்தது. கடைசி நியாயத்தீர்ப்பின் சித்திரம் வெளிப்பட்டது. சிலுவை, மரியாள், யோவான் சிற்பங்கள் முன்னால் நின்ற இடங்கள் மட்டும் வண்ணம் தீட்டாமல் நிழலுருவாக இருந்தன. இன்றும் அந்தக் கோயிலில் பார்க்கலாம். மழை அன்று கொஞ்சம் பலமாகப் பெய்திருந்தால் சித்திரமும் போயிருக்கும். ஆகவே சுவரைச் சுரண்டாதீர்கள். வெள்ளை உதிரும் இடத்தில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு கீற்று தெரிந்தால் வேலையை அப்போதே நிறுத்துங்கள். விக்டோரியா காலத்தவர் கல் தெரிய வேண்டுமென்று பூச்சையே சுரண்டியெறிந்ததைப் பொறுக்காமல்தான் 1877-இல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 'சுரண்டாதே' என்றே அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு.

தலைப்பில் சொன்ன பித்தளைக்கு வருகிறோம். தரையிலோ சுவரிலோ கல் பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள் மனித உருவில் தகடு பதித்திருக்கும். கவசம் அணிந்த வீரன், கைகூப்பிய மனைவி, காலடியில் நாய், வரிசையாகப் பிள்ளைகள். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, இதைப் பார்த்ததும் துறுதுறுக்கும். வேண்டாம். அந்தத் தகட்டின் அழகெல்லாம் உளியால் கீறிய மெல்லிய கோட்டில் இருக்கிறது. புளியும் பாலிஷும் ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகத்தில் ஒரு படலத்தைக் கரைக்கும். கோட்டின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய நிறக்குழம்பும் போய்விடும். பழுப்பேறிய மேற்பரப்பு அழுக்கல்ல, அதுதான் காப்பு. மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

தகட்டைத் தொட்டுப் பார்த்தால் ஓரம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். அடியில் தார் போன்ற பிசினை வைத்து, ஈயத்தில் பதித்த ஆணியால் இறுக்கியிருப்பார்கள். ஆணி தளர்ந்தால் ஒவ்வொரு காலடிக்கும் தகடு வளைந்து வளைந்து கடைசியில் முறியும். ஆடும் தகட்டை நீங்களே பசை வைத்து ஒட்டாதீர்கள். நிபுணர் கழற்றிப் பார்க்கும்போது பின்பக்கத்தில் இன்னொரு நூற்றாண்டின் வேறொரு முகம் இருந்ததுண்டு. மடங்கள் கலைக்கப்பட்டபோது அங்கிருந்து வந்த தகட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி செதுக்கி விற்றார்கள். தகட்டின்மேல் ரப்பர் அடியுள்ள கம்பளத்தை விரிப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அடியில் ஈரம் தேங்கும், கல் செதிலாக உரியும், உலோகம் பச்சை பூக்கும். கம்பளம் உபயம் தர நினைத்தவர்கள் இந்த இடத்தில் மனம் மாறினால் மகிழ்ச்சி. கூரையில் வௌவால் இருந்தால் அதன் சிறுநீர் பித்தளையைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். தகட்டை மூடுங்கள், ஆனால் பிளாஸ்டிக் தாளால் அல்ல. வௌவாலை விரட்டாதீர்கள், பிரிட்டனில் எல்லா வகை வௌவாலும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, தங்குமிடத்தை அடைத்தாலே குற்றம். வெள்ளை அலபாஸ்டர் கல்லறைச் சிற்பம் உங்கள் கோயிலில் இருந்தால் ஈரத்துணியே ஆகாது. அது பளிங்கு போலத் தெரிந்தாலும் ஜிப்சம்தான், தண்ணீரில் கரையும்.

மரத்துக்கு எதிரி வண்டு என்று பலர் மருந்தோடு வருவார்கள். டெத்வாட்ச் வண்டு இருப்பது உண்மை. வசந்தத்தில் மரத்தில் தலையை முட்டித் தட்டும் சத்தமும் கேட்கும், 3 மில்லிமீட்டர் துளையும் தெரியும். ஆனால் அது நிலைப்பது ஈரம் பட்டுப் பூஞ்சை தொட்ட ஓக்கில். பழைய துளைகள் நூறு வருஷத்துக்கு முந்தையவையாகவும் இருக்கலாம். துளைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்து அடுத்த கோடையில் புதுத்தூள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். விழுந்தால்கூட முதல் வேலை மேலே ஒழுகும் இடத்தைத் தேடுவது. சஃபோக்கின் பிளைத்பர்க் கோயிலின் கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்களின் உடம்பில் இருந்த குண்டுத் துளைகளுக்கு, 1644-இல் உருவ உடைப்புக்கு வந்த வில்லியம் டவ்சிங்கின் ஆட்கள்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். உள்ளே கிடைத்த ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கோயிலுக்குள் ஜாக்டா சுட்டபோது பட்டவை. மரத்தில் ஓட்டையைப் பார்த்தவுடன் குற்றவாளியைத் தீர்மானிக்காமலிருக்க இது போதும்.

நடுக்கூடத்துக்கும் சான்சலுக்கும் இடையே நிற்கும் மரத் திரையின் கீழ்ப்பலகைகளைக் குனிந்து பாருங்கள். நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் இருப்பதைப் போலப் பொன்னும் சிவப்புமாய்ப் புனிதர்கள் இருக்கலாம், சிலருடைய முகம் மட்டும் கீறப்பட்டிருக்கலாம். திரைக்குமேல் இருந்த மாடம் 16ஆம் நூற்றாண்டில் போய்விட்டது; ஆனால் சுவருக்குள் எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு இருந்தால், அந்த மாடத்துக்கு ஏறிய வழி அதுதான். துடைப்பம் வைக்கும் அலமாரியாக அதை ஆக்கிவிடாதீர்கள். திரைமேல் மல்லிகைச் சரம் கட்ட ஆணி அடிப்பது, பூ அலங்காரத்தின் ஈர ஸ்பாஞ்சைப் பலகையோடு சாய்த்து வைப்பது, செலோடேப் ஒட்டுவது, மடக்கு நாற்காலிகளை அடுக்கிச் சார்த்துவது, இவையெல்லாம் வருஷத்துக்கு ஒரு செதில் வண்ணத்தைக் கொண்டுபோகும்.

வண்ணத்துக்கு அதைவிடப் பெரிய அடி, ஞாயிற்றுக்கிழமைச் சூடு. ஆறு நாள் குளிர்ந்து கிடந்த கட்டடத்தை ஏழாம் நாள் இரண்டு மணி நேரத்தில் கொதிக்க வைத்தால் மரம் சட்டென்று சுருங்கும், அதன்மேல் உள்ள வண்ணம் சுருங்காது, உரிந்து நிற்கும். சிலிண்டர் ஹீட்டர் இன்னும் மோசம். 15 கிலோ பியூட்டேன் எரிந்து முடியும்போது 23 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. ஏறக்குறைய இரண்டு குடம். அது இரவில் குளிர்ந்த சுவரிலும் ஈயத்தின் அடிப்பக்கத்திலும் வண்ணக் கண்ணாடியிலும் வியர்த்து இறங்கும். நாள் முழுவதும் இளஞ்சூடு, அல்லது உட்காரும் பெஞ்சுக்கு அடியில் மட்டும் சிறு மின்சூடு, இரண்டில் ஒன்றே நல்லது. கோட்டைப் போட்டுக்கொண்டு ஜெபிப்பது இந்த ஊர் வழக்கம்தான்.

வண்ணக் கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் முகமும் மடிப்பும் வரைந்திருக்கும். வியர்வையைத் துணியால் துடைத்தால் கண், மூக்கு எல்லாம் துணியோடு வரும். ஃபேர்ஃபோர்டு என்ற ஊரின் கோயிலில் 28 ஜன்னல்களும் 1500-ஐ ஒட்டிய காலத்துக் கண்ணாடியோடு முழுதாக நிற்கின்றன என்றால், இரண்டாம் உலகப் போரில் கழற்றிப் பத்திரப்படுத்திய கவனமும் அதற்கு ஒரு காரணம். கண்ணாடிப் பலகம் வயிறு தள்ளியிருக்கிறதா, இரும்புக் கம்பியின் முனை துருப்பிடித்து ஊதிக் கல்லைப் பிளக்கிறதா என்று பாருங்கள். கல்லெறிக்குப் பயந்து காற்றுப் புகாதபடி வெளியே பாலிகார்பனேட் தகடு அடிப்பது, நடுவில் ஈரப் பெட்டி ஒன்று செய்து வைப்பதுதான்.

ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் உடைந்த இடத்தை இழைத்துச் சீராக்க விரும்பும் கொடையாளர் எப்போதும் ஒருவர் இருப்பார். அந்த உடைவைச் சீராக்க வேண்டாம். தீர்த்தத்தைத் திருடி மாந்திரீகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 1236-இல் தொட்டிகளுக்கு மூடியும் பூட்டும் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தப் பூட்டின் இரும்பு வளையம் பிடுங்கப்பட்ட தடம் அது.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. இங்கே பழங்கட்டடங்களை மாற்ற உள்ளாட்சி தரும் பாதுகாப்புக் கட்டட அனுமதிக்குப் பதில் திருச்சபைக்குச் சொந்தமான சட்ட முறை ஒன்று இருக்கிறது. கால்வாய் சுத்தம் போன்ற அன்றாடப் பராமரிப்பு ஏ பட்டியலில் வரும், கேட்காமலே செய்யலாம். பி பட்டியலில் உள்ளவற்றுக்கு, பிஷப்பின் கீழுள்ள மூத்த குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்து அனுமதி வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் 'ஃபாகல்டி' வேண்டும். மறைமாவட்ட ஆலோசனைக் குழுவின் கருத்தோடு, 28 நாள் பொது அறிவிப்பு ஒட்டி, சான்சலர் எனும் திருச்சபை நீதிபதி தீர்ப்பளிப்பார். ஒரு பெஞ்சை நகர்த்தவும், யாரோ கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை விற்கவும் இதே வழிதான். தாமதம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அனுமதியின்றிச் செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டடக் கலைஞரோ சர்வேயரோ செய்யும் ஆய்வறிக்கை உங்கள் கோயில் அலமாரியில் இருக்கும். அதில் 'உடனடி' என்று குறித்திருக்கும் வரிகளை முதலில் படியுங்கள். கோயில் பொருள்களின் பட்டியலையும் வேலைப் பதிவேட்டையும் சர்ச்வார்டன்தான் வைத்திருக்க வேண்டும். யார், எப்போது, எந்தச் சாந்தால், எந்தச் சுவரைப் பூசினார் என்று எழுதி வையுங்கள். 50 வருஷம் கழித்து வருகிறவருக்கு அந்த ஒரு வரி பல ஆயிரம் பவுண்டு மிச்சப்படுத்தும்.

அடுத்த பெருமழை வரும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு கோயிலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வெயில் நாளில் எந்தக் குழாயும் பிழை சொல்லாது. வடக்குப் பக்கத்தில் வெயில் படாததால் அங்கிருந்து தொடங்குங்கள். மணிக்கோபுரமும் நடுக்கூடக் கூரையும் சேரும் மூலையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் குழாய்க்குள் போகிறதா, குழாயை விட்டுச் சுவரில் இறங்குகிறதா என்று செல்போனில் படம் எடுத்து, தேதியோடு உங்கள் கட்டடக் கலைஞருக்கு அன்றே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆலயக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சில தமிழர்கள்